நாய், பூனைக்கு டாக்டர் தேடுறதும் செலவு பாக்குறதும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கவலைதான். எந்த டாக்டர்கிட்ட போறது, எவ்ளோ ஆகும், கையில இல்லன்னா என்ன பண்றது. அதனால மத்த கேள்விங்கள அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன். நான் டாக்டர் இல்ல, ஆனா தெருவுல அடிபட்டு கெடக்குற நாய் பூனைங்கள தூக்கிக்கிட்டு கேஎல்லயும் பினாங்குலயும் பல வருஷமா கிளினிக் கிளினிக்கா ஏறி இறங்குறவ, அந்த அனுபவத்துல சொல்றேன்.

ஆயர் ஈத்தாம் வாசகி ஒருத்தங்க: அக்கா, பசார் பக்கத்துல மழையில நனைஞ்சுகிட்டு இருந்த ஒரு பொட்டக்குட்டிய வீட்டுக்கு கொண்டாந்துட்டேன், ரெண்டு மாசம் இருக்கும். எங்க ஏரியாவுல மூணு கிளினிக் இருக்கு. ஒண்ணு பெருசு, ஏர்கோன், டிவி எல்லாம் இருக்கு. இன்னொண்ணு கடைவீட்டுல வயசான டாக்டர் ஒருத்தர் மட்டும். மூணாவது ரொம்ப மலிவுன்னு எல்லாரும் சொல்றாங்க. எதுக்கு போறது? எங்க அம்மா வேற கம்பத்து நாய்க்கு எதுக்கு டாக்டர், அது தானா வளரும்னு தினமும் சொல்றாங்க.

அம்மாவுக்கு முதல்ல பதில் சொல்லிடலாம். வீட்டுக்குள்ள வந்துட்டா அது உங்க நாய்தான், கம்பத்து நாயா, சாதிச் சான்றிதழ் வச்ச நாயாங்கறது நோய்க்கு தெரியாது. சட்டமும் அப்படித்தான் பாக்குது. நம்ம மலேசியாவுல 2015ஆம் வருஷத்து விலங்கு நலச் சட்டம் இருக்கு, வச்சிருக்க பிராணிய வலி, காயம், நோய்லேர்ந்து பாதுகாக்குறது வச்சிருக்கவங்க கடமைன்னு அதுல இருக்கு, கொடுமைப்படுத்தினா 20,000 வெள்ளிலேர்ந்து 100,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் வரலாம்.

இப்ப கிளினிக் விஷயம். ஏர்கோன வச்சும் முடிவு பண்ணாதீங்க, மலிவ வச்சும் முடிவு பண்ணாதீங்க. குட்டி நல்லா இருக்கும்போதே, தடுப்பூசிக்குன்னு ஒரு தடவை போங்க, அந்த ஒரு தடவையிலயே டாக்டர் எப்படின்னு பாத்துடலாம். குட்டிய மேசையில வச்சதும் முதல்ல எடை போடுறாங்களான்னு பாருங்க, ஏன்னா பெரும்பாலான மருந்து எடைக்கு ஏத்த அளவுதான். காய்ச்சல் பாக்கணும், உதட்ட தூக்கி ஈறு பாக்கணும், காதுக்குள்ள பாக்கணும், வயித்த தடவி பாக்கணும், நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சு கேக்கணும், இதெல்லாம் ஒரு கார்டுலயோ கம்ப்யூட்டர்லயோ எழுதணும். எதையும் தொட்டுப் பாக்காம ஊசிய மட்டும் போட்டு அனுப்புற இடம்னா, மலிவா இருந்தாலும் சரி மார்பிள் தரை போட்டிருந்தாலும் சரி, எனக்கு வேணாம். நீங்க சொன்ன வயசான டாக்டர் இதையெல்லாம் பொறுமையா செய்றாருன்னா கண்ண மூடிக்கிட்டு அவர்கிட்டயே போங்க, பெரிய மெஷின் வேணும்னா அவரே லெட்டர் குடுத்து வேற இடத்துக்கு அனுப்புவாரு.

சுவத்துலயும் கொஞ்சம் பாருங்க. இங்க கால்நடை டாக்டரா வேலை செய்யணும்னா 1974ஆம் வருஷத்து சட்டப்படி மலேசிய வெட்டினரி கவுன்சில்ல பதிஞ்சிருக்கணும், வருஷா வருஷம் தொழில் சான்றிதழ் புதுப்பிக்கணும், பெரும்பாலும் அத ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பாங்க. இல்லன்னா கேக்கலாம், தப்பே இல்ல. செல்லப்பிராணி கடையில ஊசி போடுறேன்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

அடுத்தது, இதுதான் நான் திரும்பத் திரும்ப எல்லார்கிட்டயும் சொல்றது, காசப் பத்தி முதல் தடவையே வாய விட்டு பேசிடுங்க. நம்ம ஆளுங்களுக்கு டாக்டர் முன்னால காசு பேச ஒரு கூச்சம், மரியாதை இல்லாத மாதிரி இருக்கும்னு நெனச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டு வந்து கவுன்டர்ல பில்ல பாத்ததும் முகம் வாடி, அடுத்த தடவை உடம்பு சரியில்லாதப்ப போகவே பயப்படுறாங்க. போகாம விட்டு விட்டுத்தான் நூறு வெள்ளில முடியுற வேலை ஆயிரத்துல வந்து நிக்குது. "டாக்டர், இன்னிக்கி என் கையில இவ்ளோதான் இருக்கு, இதுல எது உடனே செய்யணும், எது அடுத்த மாசம் வரைக்கும் தாங்கும்?" இப்படி கேளுங்க. நல்ல டாக்டர் கோவப்பட மாட்டாரு, பிரிச்சு சொல்லுவாரு. இந்த கேள்விக்கு முகம் சுளிக்கிறவர்கிட்ட நாளைக்கு பெரிய நோய்னு போய் நிக்க முடியாது இல்லையா?

வாசல்லயே இன்னும் ரெண்டு கேட்டுக்குங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஏதாவதுன்னா எங்க போகணும், சீனப் பெருநாள், தீபாவளி லீவுல யாரு திறந்திருப்பாங்க. பெருநாள் நேரத்துல நெறைய கிளினிக் சேர்ந்தாப்புல மூடிடுவாங்க, அப்பதான் நாய் ஏதாவது எலும்ப முழுங்கி வைக்கும். நம்பர எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைங்க.

குட்டிக்கு ஊசி ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா பதினாறு வாரம் ஆகுற வரைக்கும் போடணும், நடுவுல விட்டுடாதீங்க. ஊசி முடியுற வரைக்கும் பசார், தெருமுனை, மத்த நாய்ங்க போற இடத்துல இறக்கி விடாதீங்க. பார்வோன்னு ஒரு வயித்துப்போக்கு நோய் இருக்கு, ரத்தமா போகும், வாந்தி நிக்காது, அந்த கிருமி மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அது வந்துட்டா நாள்கணக்குல தனி வார்டுல டிரிப் ஏத்தி வச்சிருக்கணும், அப்பவும் பிழைக்கும்னு உறுதி இல்ல. ஊசி காசு அதுல ஒரு நாள் செலவுக்குக்கூட வராது. வெறிநாய் ஊசியப் பத்தியும் டாக்டர்கிட்ட கேளுங்க, 2015ல பெர்லிஸ், கெடா, பினாங்குல வெறிநாய்க்கடி நோய் வந்தப்ப எத்தன தெருநாய்ங்கள பிடிச்சு கொன்னாங்கன்னு நம்ம பினாங்கு ஆளுங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும். மாநகர் மன்றத்துல லைசென்ஸும் எடுத்துடுங்க, பட்டை கழுத்துல இருந்தா பிடிச்சுட்டு போனாலும் மீட்டுக்கலாம்.

செந்தூல் வாசகர்: எங்க ஆண் பூனை ரெண்டு நாளா மணல் தட்டுல போய் போய் உக்காந்து கத்துச்சு. மலச்சிக்கல்னு நெனச்சு எண்ணெய் குடுத்தோம். மூணாவது நாள் சுருண்டு படுத்துடுச்சு. கிளினிக்ல 800 வெள்ளி டெபாசிட் கட்டினாத்தான் சேப்போம்னாங்க, கடைசில பில் 1,650 வந்துச்சு. பூனை பிழைச்சுடுச்சு, ஆனா ஏமாத்திட்டாங்களோன்னு மனசு அடிச்சுக்குது. ஒரு பூனைக்கு ஒன்னுக்கு வரலன்னா இவ்ளோவா?

தம்பி, பூனை வீட்டுல இருக்குன்றதே பெரிய விஷயம், முதல்ல அதுக்கு சந்தோஷப்படுங்க. ஆண் பூனைக்கு ஒன்னுக்கு போற குழாய் ரொம்ப சன்னம், மணல் மாதிரி கல்லோ சளி மாதிரி அடைப்போ வந்து மூடிக்கும். ஒன்னுக்கு வெளிய போகாம நின்னா கிட்னி அடிவாங்கும், ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், அது ஏறினா இதயம் நின்னுடும். ரெண்டு மூணு நாள்ல செத்துடும். அதனால தட்டுல போய் உக்காந்து முக்குது, ஒரு சொட்டு வரல, கீழ நக்கிக்கிட்டே இருக்குன்னா அன்னிக்கே போகணும், காலையில பாத்துக்கலாம்னு கூட விடக்கூடாது. இத படிக்கிற எல்லாருக்கும் சொல்றேன், ஆண் பூனை வச்சிருந்தா இது ஒண்ண மட்டுமாவது மறந்துடாதீங்க.

பில் விஷயம். நீங்க அனுப்பின பில்ல நான் வரி வரியா பாத்தேன். ரத்தப் பரிசோதனை இருக்கு, பொட்டாசியமும் கிட்னியும் பாக்காம மயக்க ஊசி போட்டா மேசையிலயே போய்டும், அதனால அது வேணும். மயக்கம், குழாய் விட்டு அடைப்ப எடுத்தது, அந்த குழாய உள்ளயே விட்டு பை மாட்டினது, டிரிப், மூணு ராத்திரி வார்டு, வலி மருந்து, ஒன்னுக்கு பரிசோதனை. இதுல தேவையில்லாதது ஒண்ணும் எனக்கு தெரியல. மனுஷனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரில சின்னதா ஒரு தொகை கட்டி பழகிட்டதால, வைத்தியத்தோட உண்மையான விலை நமக்கு தெரியாமலே போய்டுச்சு, பிராணிங்களுக்கு அந்த உதவித்தொகை கிடையாது, டிரிப் பாட்டில்லேர்ந்து பஞ்சு வரைக்கும் கிளினிக் காசு குடுத்துத்தான் வாங்குது.

ஆனா ஒண்ணுல உங்க மனத்தாங்கல் நியாயம்தான். முதல்லயே உத்தேசமா எவ்ளோ வரும்னு அவங்க எழுதி குடுத்திருக்கணும், குறைஞ்சது இவ்ளோ, அதிகபட்சம் இவ்ளோன்னு. குடுக்கலன்னா நாமதான் கேக்கணும். தினமும் சாயங்காலம் போன் பண்ணி இன்னிக்கி வரைக்கும் பில் எவ்ளோன்னு கேக்குறதும் நம்ம உரிமை. முழுசா கட்ட முடியாதப்ப தவணையா கட்டலாமான்னு கேளுங்க, எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா வழக்கமா போற கிளினிக்னா பேசிப் பாக்கலாம்.

இந்த நோய் திரும்ப வரலாம் தம்பி. டாக்டர் சொன்ன சாப்பாட்ட மட்டும் போடுங்க, உலர்ந்த உருண்டை சாப்பாட்ட குறைச்சு ஈரமான டின் சாப்பாடு குடுக்கலாமான்னு அவர்கிட்டயே கேளுங்க, தண்ணி கிண்ணம் வீட்டுல ரெண்டு மூணு இடத்துல வைங்க. ரத்த ரிப்போர்ட்ட வாங்கி பத்திரமா வச்சுக்குங்க, வேற டாக்டர்கிட்ட போனாலும் அதே டெஸ்ட்ட உடனே திரும்ப எடுக்குற காசு மிச்சம்.

கெப்போங் வாசகர், பென்ஷன்ல இருக்கவர்: எங்க நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு. அவரு நாய்க்கு வாங்கின மாத்திரை மிச்சம் இருக்காம், அத குடுக்கலாமா? பூனைக்கும் சளி புடிச்சிருக்கு, பனடோல் அரை மாத்திரை குடுத்தா போதுமா?

ஐயா, பூனைக்கு பனடோல் குடுத்துடாதீங்க, அரை மாத்திரையும் வேணாம், கால் மாத்திரையும் வேணாம். பூனையோட ஈரலுக்கு அந்த மருந்த உடைக்குற சக்தி கிடையாது, ரத்தம் ஆக்சிஜன சுமக்க முடியாம போய், முகம் வீங்கி, ஈறு பழுப்பா நீலமா மாறி மூச்சு முட்டி செத்துடும். ஏற்கனவே குடுத்திருந்தா இந்த பக்கத்த மூடிட்டு இப்பவே கிளினிக்குக்கு கிளம்புங்க. நாய்க்கு போடுற உண்ணி மருந்து சொட்டும் பூனை மேல போடக்கூடாது, சிலதுல பெர்மெத்ரின்னு ஒரு மருந்து இருக்கு, பூனைக்கு வலிப்பு வந்துடும்.

உண்ணிக் காய்ச்சல்னு ஒரே பேரா சொன்னாலும் உள்ள ரெண்டு மூணு விதமான கிருமி இருக்கு, ஒண்ணுக்கு குடுக்குற மாத்திரை இன்னொண்ணுக்கு வேலை செய்யாது. பக்கத்து வீட்டு மாத்திரை உங்க நாய்க்கு பொருந்துமான்னு ரத்தம் பாத்தாதான் தெரியும். அந்த டெஸ்ட் காசு வீண்னு நெனைக்காதீங்க ஐயா, தப்பான மாத்திரைய ரெண்டு வாரம் குடுத்து நாய் மோசமானப்புறம் ரத்தம் ஏத்த வேண்டி வந்தா அது எங்கயோ போய்டும். வீட்டுலயே ஒண்ணு பாக்கலாம், மேல் உதட்ட தூக்கி ஈற பாருங்க, ரோஸ் கலர்ல இருக்கணும், விரலால அமுக்கி விட்டா வெளுத்து ரெண்டு நொடிக்குள்ள திரும்ப சிவக்கணும். ஈறு காகிதம் மாதிரி வெளுத்துக் கெடந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க. டாக்டர் ஒரு மாசத்துக்கு மாத்திரை குடுத்தா ஒரு மாசமும் குடுக்கணும், அஞ்சாம் நாள் துள்ளி விளையாடுதேன்னு நிறுத்தினா திரும்ப வரும். பென்ஷன்ல இருக்கவங்க மாவட்ட வெட்டினரி ஆபீஸ்லயும் கேட்டுப் பாருங்க, சில இடத்துல அரசாங்க கிளினிக்ல நாய் பூனையும் பாக்குறாங்க, பிரைவேட்ட விட கம்மி. ரொம்ப சிக்கலான நோய்னா சிலாங்கூர்ல செர்டாங் யூபிஎம்ல பல்கலைக்கழக வெட்டினரி ஆஸ்பத்திரி இருக்கு, முதல்ல போன் பண்ணி நேரம் வாங்கிட்டு போங்க.

பட்டர்வொர்த் வாசகி: எங்க பொட்ட நாய்க்கு கருத்தடை பண்ண சொல்றாங்க. ஒரு தடவையாவது குட்டி போடணும், இல்லன்னா பாவம்னு மாமியார் சொல்றாங்க. செலவும் யோசனையா இருக்கு.

ஒரு தடவை குட்டி போட்டாத்தான் நல்லதுன்றதுல உண்மை இல்லம்மா. முதல் தடவை பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாலயே பண்ணிட்டா பின்னால மார்புக் கட்டி வர்ற வாய்ப்பு ரொம்பவே குறையும். பண்ணாம விட்ட பொட்ட நாய்ங்களுக்கு வயசானப்புறம் கர்ப்பப்பையில சீழ் பிடிக்கலாம், அது நடு ராத்திரி அவசர ஆபரேஷன், உயிருக்கே ஆபத்து, செலவும் சாதாரண கருத்தடைய விட பல மடங்கு. மாமியார்கிட்ட பொறந்த குட்டிங்களுக்கு யார் வீடு குடுப்பாங்கன்னு மெதுவா கேட்டுப் பாருங்க. அஞ்சாறு குட்டிய அட்டைப்பெட்டில வச்சு கோயில் வாசல்லயும் மாமாக் கடை பின்னாலயும் விட்டுட்டு போறத நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், அதுலதான் எனக்கு பாவம் தெரியுது.

செலவு குறைக்கணும்னா பிராணி வதை தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவுக்கு முதல்ல போன் பண்ணுங்க, பினாங்குல ஜாலான் ஜெட்டில இருக்காங்க, கேஎல் பக்கத்து வாசகருங்களுக்கு அம்பாங்ல எஸ்பிசிஏ சிலாங்கூரோட கிளினிக் கெம்பிரி இருக்கு, கம்மி விலையில கருத்தடை பண்றதுக்குன்னே நடத்துறாங்க. இடம் கிடைக்க காத்திருக்க வேண்டி வரலாம், அதனால இப்பவே பேர் குடுத்துடுங்க. பிரைவேட்ல விலை கேக்கும்போது ஆபரேஷன் காச மட்டும் கேக்காதீங்க. ரத்தப் பரிசோதனை, வலி மருந்து, கழுத்துல மாட்டுற கூம்பு, தையல் பிரிக்கிறது எல்லாம் சேர்த்தா தனியான்னு கேளுங்க. 250னு சொல்லி கடைசில 450 ஆகுறது இங்கதான். வலி மருந்து வேணாம்னு மட்டும் சொல்லி காச மிச்சம் பிடிக்காதீங்க.

செராஸ் வாசகி: செல்லப்பிராணி இன்சூரன்ஸ் எடுக்கலாமா அக்கா?

எடுக்கலாம், இளம் வயசுலயே எடுத்தா. இங்கயும் இப்ப கிடைக்குது. ஆனா படிச்சுப் பாக்காம கையெழுத்து போடாதீங்க. ஏற்கனவே இருக்க நோய்க்கு பெரும்பாலும் குடுக்க மாட்டாங்க, எடுத்த உடனே கேக்க முடியாது காத்திருக்கணும், வயசு வரம்பு இருக்கும், ஊசிக்கும் கருத்தடைக்கும் பொதுவா வராது, பில்லுல ஒரு பங்கு நாமதான் போடணும், தோலுக்கு அடியில வைக்குற அடையாள மைக்ரோசிப் கேப்பாங்க. முதல்ல நம்ம காச கட்டிட்டுத்தான் பல திட்டத்துல பின்னால திரும்ப வாங்கணும், அதனால இன்சூரன்ஸ் இருந்தாலும் கையில கொஞ்சம் வேணும். வயசான பூனையா இருந்தா நான் சொல்றது தனி அக்கவுன்ட் ஒண்ணுதான், மாசம் 50 வெள்ளி போட்டா வருஷத்துக்கு 600, அதுல வேற எதுக்கும் கைய வைக்காதீங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: பதினாலு வயசு நாய், ரெண்டு கிட்னியும் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தினமும் டிரிப் போட்டா கொஞ்ச நாள் ஓட்டலாமாம். கையில இருந்தது எல்லாம் தீந்துடுச்சு. ஊசி போட்டு நிரந்தரமா தூங்க வைக்கறதான்னு நெனச்சாலே நெஞ்சு அடைக்குது.

அண்ணே, காசு இல்லாததால கைவிடுறோம்னு நெனைக்காதீங்க. டாக்டர்கிட்ட போய் இத மட்டும் கேளுங்க: டிரிப் போட்டா இவன் நல்லா சாப்பிட்டு நடமாடுற நாளு கூடுமா, இல்ல படுத்துக் கெடக்குற நாளு கூடுமா? படுத்துக் கெடக்குற நாளுதான்னா காசு இருந்தாலும் நான் போட மாட்டேன். சாப்பிடுறானா, வாந்தி இல்லாம இருக்கானா, உங்க குரல் கேட்டா வால் ஆட்டுறானா, இந்த மூணையும் தினமும் காலண்டர்ல குறிச்சு வைங்க, கெட்ட நாளு அதிகமாச்சுன்னா முடிவு உங்களுக்கே தெளிவா தெரியும். அந்த நேரத்துல கூடவே இருந்து தலைய தடவிக்கிட்டு இருங்க. அதுக்கு எவ்ளோ ஆகும், அடக்கம் பண்றதா எரிக்கிறதா, எல்லாத்தையும் முன்கூட்டியே கேட்டு வச்சுக்குங்க, அழுதுகிட்டு நிக்கிறப்ப பில்ல பத்தி பேச முடியாது.

ஜெலுத்தோங் வாசகி: தெருப்பூனைக்கு சாப்பாடு போடுவேன். அதுக்கு மூக்குல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது, மூக்கு வீங்கி ரத்தம் கசியுது. போன வாரம் என்னைய பிராண்டிடுச்சு, இப்ப என் விரல்ல ஒரு கட்டி.

இத தள்ளிப்போடாதீங்கம்மா. மூக்குல ஆறாத புண்ணுன்னா நம்ம ஊரு பூனைங்கள்ல ஸ்போரோட்ரிக்கோசிஸ்னு ஒரு பூஞ்சை நோய் அடிக்கடி பாக்குறோம், பிராண்டினாலும் கடிச்சாலும் மனுஷனுக்கு தொத்தும், விரல்ல ஆரம்பிச்சு கை மேல வரிசையா கட்டி ஏறும். நீங்க முதல்ல மனுஷங்கள பாக்குற கிளினிக்குக்கு போங்க, போய் பூனை பிராண்டுச்சு, அந்த பூனைக்கு மூக்குல புண்ணு இருக்குன்னு சொல்லுங்க, சொல்லலன்னா சாதாரண சீழ்னு நெனச்சு வேற மருந்து குடுத்துடுவாங்க. பூனைய கையுறை போட்டு, துண்டுல சுத்தி கூண்டுல வச்சு கொண்டு போங்க, டாக்டர் புண்ண தொட்டு கண்ணாடித் துண்டுல எடுத்து பாத்தாலே பெரும்பாலும் சொல்லிடுவாரு. மாத்திரை மாசக்கணக்குல குடுக்கணும், புண்ணு ஆறின மாதிரி தெரிஞ்சப்புறமும் டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது, அதனால முதல் நாளே மொத்தம் எத்தன மாசம், மாசத்துக்கு எவ்ளோன்னு கேட்டுக்குங்க. தெருப்பூனைன்னு சொல்லுங்க, சில டாக்டருங்க அதுக்கு விலைய குறைச்சு போடுவாங்க. சாப்பாடு போடுற பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது இருந்தா மாசச் செலவ பங்கு போட்டுக்க முடியுமான்னும் கேளுங்க, அவங்க கையிலயும் பிராண்டல் இருக்கான்னு பாக்க சொல்லுங்க.